கிணற்றோரப் பாத்தி

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஆறுச்சாமியின் தோட்டத்தில் மோட்டார் போட்டால், எங்கே இருந்தாலும் அவர் மனைவி நாச்சம்மாளின் உள்ளங்கால் நனையும். சர்க்கரை முந்நூறைத் தொட்ட பிறகு அவள் கடைச் சாமானை நிறுத்தி, கிணற்றோரப் பாத்தியில் விளைந்ததை மட்டுமே தின்றுவந்தாள். சந்தைக்குப் போகும் தக்காளிக்கு வாரம் ஒருமுறை மருந்தடிப்பார்கள். வீட்டுக்கான பாத்தியில் அடிக்கமாட்டார்கள். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். இரண்டாம் வருடம் சர்க்கரை இறங்கியது. மூன்றாம் வருடம் கால் நனைய ஆரம்பித்தது. பாத்தியில் களை பறித்தால் தலைமுடி நாலைந்து உதிரும். அவளுக்கு இதில் வருத்தமில்லை. இத்தனை வயதில் ஏதோ ஒன்று அவளைத் தன்னுடையதென்று பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

"ஏனக்கா, எங்க கெணறு வத்திப்போச்சு. எங்க காட்டுல வந்து செத்த நேரம் நின்னுட்டுப் போறீங்களா?" என்பான் பக்கத்துக் காட்டு நல்லதம்பி.

மருமகள் நர்மதா உண்டானதும் அவளுக்கும் அதே சாப்பாடுதான். ரத்தம் ஏறியது, முகம் தெளிந்தது. ஆறாம் மாதம் அவள் காலும் நனைந்தது. மோட்டார் போடுமுன் "காலத் தூக்கிக்கங்க" என்று குரல் கொடுப்பது வீட்டில் பழகிப்போனது.

எட்டாம் மாதம் ஒரு காலையில் நர்மதாவின் மூச்சில் மருந்து வாடை அடித்தது. நாச்சம்மாளின் நாக்கும் கசந்தது.

"நேத்திருந்து கொழந்த அசையவே இல்லீங்க அத்தே."

ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார். "மாசமா இருக்கற புள்ளைக்குப் புழு அரிச்ச கீரையைப் போடறதான்னு, பாத்திக்கும் ஒரு டேங்க் அடிச்சுட்டேன்."

"திங்கறதுலயா அடிச்சீங்க?"

கேட்டபின்தான் தான் கேட்டது நாச்சம்மாளுக்கே உறைத்தது. அப்படியானால் இத்தனை வருடம் லாரியில் போனதை யாரும் தின்னவில்லையா? அந்தக் கேள்வியை அவள் ஓரமாக நகர்த்திவைத்தாள். இப்போது இந்தக் குழந்தை.

ஆஸ்பத்திரியில் துடிப்பு இருக்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது என்றார்கள், படுக்க வைத்துக்கொண்டார்கள். நாச்சம்மாள் வீட்டுக்கு வந்து, மருந்து கழுவிப்போகட்டுமென்று பாத்திக்கு மூன்று நாள் தண்ணீரை நிறுத்தாமல் விட்டாள். வார்டில் நர்மதாவின் கட்டிலடியில் தண்ணீர் தேங்கியது. குழாய் எங்கோ ஒழுகுகிறதென்று நர்ஸ்கள் துடைத்தார்கள். மூன்றாம் நாள் மதியம் குழந்தை உதைத்தது. மகன் போனில் சொன்னபோது நாச்சம்மாள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே திருச்சூர் லாரி வந்தது. அதே டேங்க் மருந்தடித்த தக்காளி ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் ஜின்சன் ஒரு பெட்டியைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அது ஆருக்குங்க தம்பி?"

"பெண்டாட்டிக்கு, சேச்சி. ஏழு மாசம். பச்சக்கறி நெறைய திங்கணும்னு டாக்டர் சொன்னார். கண்ட எடத்து சாமானத்தவிட இது நல்லதல்லே?"

நாச்சம்மாள் வாயைத் திறந்தாள். ஆறுச்சாமி அவளைப் பார்த்தார். பாதித் தோட்டம் இன்னும் பறிக்காமல் நின்றது.

"கழுவித் தின்னச் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த வாரம் லாரிக்கு ஜின்சனுக்குப் பதில் வேறு டிரைவர் வந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நாச்சம்மாளும் ஒரு கை பிடித்துப் பெட்டிகளை ஏற்றிவிட்டாள்.