ஒன்பது கட்டைவிரல்கள்

பம்பு வால்வுக்குள் ரப்பர் வளையம் பொருத்துவது என் அக்காவின் வேலை. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் வால்வு. அதே தொழிற்சாலையில் இயந்திரம் வடிவமைப்பவன் நான். அவள் கை செய்வதை ஓர் இயந்திரம் செய்யவேண்டும், அதுவும் கேமரா, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் மலிவாக, என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் அவள் கையை வீடியோ எடுத்தேன்.

"மூஞ்சியையும் கொஞ்சம் எடுடா. கல்யாணத்துக்கு அப்புறம் என்னை யாரும் எடுக்கவே இல்ல."

அவள் வளையத்தை அழுத்தமாட்டாள். பள்ளத்தின்மேல் சாய்த்து வைத்து, கட்டைவிரலால் இரண்டு தரம் லேசாக ஆட்டுவாள். அது தானாகப் போய் உட்காரும். ஒரு சுருள்வில்லையும் சின்ன மோட்டாரையும் வைத்து அதே ஆட்டத்தைச் செய்து பார்த்தேன். ஆயிரத்துக்கு மூன்றுதான் தவறியது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் கட்டைவிரல் கொதிக்கும் டீக்குள் கிடந்தது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"சுடலையாக்கா?"

குனிந்து பார்த்துவிட்டுத்தான் விரலை எடுத்தாள். "மரத்துப்போய் ஒரு வருஷம் இருக்கும். வளையம் உட்கார்ந்துச்சான்னே தெரியமாட்டேங்குது. அதான் ஆட்டிப் பாக்குறேன்."

இரண்டு வருடத்துக்கு முந்தைய பயிற்சி வீடியோவைத் தேடி எடுத்தேன். அதில் அவள் ஒரே அழுத்தில் பொருத்துகிறாள். பிறகு வரிசையிலிருந்த மற்ற எட்டுப் பேரின் கைகளைக் கவனித்தேன். ஆறு பேர் ஆட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த இருவர் மட்டும் நேராக அழுத்தினார்கள். பிசுக்குப் போக ஏதோ திரவத்தில் கழுவி, ஈரத்தோடுதான் வளையங்கள் மேசைக்கு வரும். வெறும் கையால் எடுப்பார்கள்.

விரல்களை மரத்துப்போக வைப்பது அந்தத் திரவம்தான் என்று மேனேஜரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப மெஷினைச் சீக்கிரம் போட்டுடுவோம். அதுக்கு நரம்பு கிடையாதே. உங்க அக்காவுக்கும் நல்லதுதான்."

நம்பினேன். ராப்பகலாக உழைத்து ஆறு வாரத்தில் ஒன்பது இயந்திரங்களை நிறுவினேன். செலவு ஏறும் என்பதால் கழுவுவதை மட்டும் அதில் சேர்க்கவில்லை. வரைபடத்தில் அந்த இடத்தில் 'கையால்' என்று எழுதியவன் நான்தான். இயந்திரங்கள் வளையங்களை விழுங்கித் தள்ளின. கழுவ ஆள் போதவில்லை. ஒன்பது பேரையும் கழுவும் அறைக்கு மாற்றினார்கள்.

மேலதிகாரிகளுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

"வேலையை விட்டுடுக்கா."

"விட்டுட்டு எங்கடா போறது? போற இடத்துக்கும் உன் மெஷின் வரும்ல," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

நேற்று அந்த அறைக்குப் போனேன். ஜன்னல் கிடையாது. தித்திப்பான ஒரு வாடை தொண்டையில் ஒட்டியது. அக்கா கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"கையுறை எங்கே?"

"போட்டா வளையம் வழுக்குதாம். வாங்கி வச்சுக்கிட்டாங்க."

வாடை மற்ற பிரிவுகளுக்குப் போகக்கூடாது என்று யாரோ வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்கள்.