கண்ணி கட்டிய மரம்

யானையைக் காப்பாற்ற வருகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பள்ளி முடித்துவிட்டு, கல்லூரி சேருமுன் ஒரு வருடம் எங்கள் லுவாங்வா காட்டில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வருவார்கள். வந்த வேகத்தில் யானைகளுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த சிக்னே ஒரு குடும்பத்துக்கே வைத்திருந்தாள்.

முதல் நாளே, வனக்காவலரான என் துப்பாக்கியைக் காட்டி, என்ன ஆனாலும் யானையைச் சுடக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். கூட இருந்த காவலன் லாமெக்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எஸ்னாட்டக்கா, உங்களுக்குப் புது மேலதிகாரி வந்தாச்சு."

அன்று மூவரும் கண்ணி பொறுக்கப் போனோம். திருட்டு வேட்டைக்காரர்கள் மானுக்குக் கட்டுகிற கம்பிக் கண்ணிகள். முன்னால் போகிறவர் கோலால் புல்லைத் தட்டிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவர் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைக்க வேண்டும். லாமெக் பள்ளத்துக்கு மறுபுறம் தேடப் போனபோது கம்பி வெட்டும் குறட்டையும் எடுத்துப் போய்விட்டான். அவனிடம் அதை விட்டது என் மடத்தனம்.

எதிரே ஒரு முசாங்கு மரம் நின்றது. அதனடியில் உதிரும் காய்களுக்கு மான் வரும், யானையும் வரும். அந்த மரத்துக்கு அப்பால் ஒரு யானைக்குட்டியின் முதுகு தெரிந்தது. நான் கையை உயர்த்தி நின்றேன். சிக்னே நிற்கவில்லை. படம் எடுக்க வரிசையை விட்டு விலகினாள். அடுத்த கணம் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். கணுக்காலில் கம்பி. அதன் மறுமுனை அந்த மரத்தில்.

மரத்துக்குப் பின்னாலிருந்து தாய் யானை வந்து காதை விரித்தது.

என் பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது. இப்போது பார்த்து ஏன் வந்தீர்கள் என்று அவர்கள்மேல் கோபம்தான் வந்தது.

சிக்னே பலமெல்லாம் கூட்டிக் காலைப் பின்னால் இழுத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் இழுப்பார்கள். கண்ணி அதை நம்பித்தான் கட்டப்படுகிறது. இழுக்க இழுக்கக் கம்பி தோலுக்குள் இறங்கியது. மரத்தை நோக்கிப் போனால்தான் தளரும். மரத்தடியில் யானை நிற்கிறது. தாயைச் சுட்டால் பால் மறக்காத குட்டியும் பிழைக்காது. சுடாவிட்டால் இந்தப் பெண் பிழைக்க மாட்டாள்.

யானை தலையை உதறிக்கொண்டு முன்னே வந்தது.

"சுடுங்கக்கா," என்றாள் சிக்னே. "சுட்டுடுங்க."

துப்பாக்கி தோளுக்கு வந்துவிட்டது.

"இழுக்காதே. மரத்துப் பக்கம் போ."

"முடியாதுக்கா."

"நானும் வரேன். மெதுவா வா."

அழுதுகொண்டே வந்தாள். யானையைப் பார்த்து நாங்கள் நடந்தோம். ஒரே ஓர் அடிதான். கம்பி தொய்ந்தது. உட்கார்ந்து கழற்றச் சொன்னேன். யானையின் நெற்றியை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அது மென்ற காயின் வாசம் என்மேல் அடித்தது. கீழே அவள் தன் மொழியில் எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

கால் வெளியே வந்தது. முதுகைக் காட்டாமல் பின்வாங்கினோம். குட்டி கத்தியது. தாய் எங்களைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அதனிடம் திரும்பிப் போனது.

நாங்கள் வந்த வண்டியில், மறுபுறத்திலிருந்து திரும்பிய லாமெக் அவள் காலுக்குத் துணி சுற்றினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலி எதுவும் பேசவில்லை. அவள் தேம்பிக்கொண்டே இருந்தாள். வலியினால் இல்லை என்றாள்.

"நான் சுடச் சொன்னேன்க்கா. இதுக்கா அவ்வளவு தூரத்திலேருந்து வந்தேன்?"

காதில் விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

"நீ சொல்றதுக்கு முன்னாடியே என் விரல் விசையில இருந்துச்சு," என்றேன். "நீ அந்த அடியை வைக்கலேன்னா சுட்டிருப்பேன்."

"அப்போ குட்டி?"

"அதுவும் போயிருக்கும்."

அவள் அழுகையை நிறுத்தினாள். முகாம் வரும்வரை என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள். நானும் அதை விடுவித்துக்கொள்ளவில்லை.