தைக்கும் புரதம்

அம்மா அக்காவின் முகத்தில் வெயில் கிரீமைத் தடவிக்கொண்டிருந்தாள். நெற்றி, மூக்கின் இரு பக்கம், காது மடல்களின் பின்புறம். ஓர் இடமும் விட்டுப்போகக் கூடாது என்ற பழைய கவனம் விரல்களில் இருந்தது.

"இனிமே எதுக்குக்கா அது?" என்றாள் சித்தி.

"பகல்ல வெளிய போறாளே."

சித்தி ஈரத்துணியை எடுத்து அக்காவின் நகங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கிண்ணத்துத் தண்ணீரை மாற்ற எழுந்து போனாள்.

தம்பியான அவன் கதவோரம் நின்றிருந்தான். ஜன்னலில் மூன்று மடிப்புக் கறுப்புத் துணி. ஓரமெல்லாம் கறுப்பு டேப். வெயில் பட்டால் எல்லோர் தோலிலும் மரபணு இழை அங்கங்கே பழுதாகும். உடம்பே அதைத் தைத்துக்கொள்ளும். தைக்கிற புரதங்களில் ஒன்று அக்காவுக்குப் பிறவியிலேயே சரியில்லை. முதலில் கன்னத்தில் புற்று வந்தது, பிறகு கண்ணில், கடைசியில் எங்கும்.

அந்தப் புரதத்தைச் செய்கிற ஆய்வுக்கூடத்தில்தான் அவனுக்கு வேலை. மனித மரபணுவைப் பூச்சியின் உயிரணுக்களுக்குள் செலுத்தினால், அவை அந்தப் புரதத்தை உண்டாக்கும். அதைப் பிரித்துச் சுத்தமாக்கி ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்கள். மரபணுவைத் தைக்கவும் படியெடுக்கவும் உதவுகிற புரதம் அது.

வேலை கிடைத்த அன்று அக்கா சிரித்தாள். "பூச்சிக்குத் தெரிஞ்ச தையல் எனக்குத் தெரியல பாரேன்."

"இத உனக்குப் போட முடியாதுக்கா. ஆராய்ச்சிக்கு மட்டும்தான்."

"தெரியும்டா. என்னோடது ஒண்ணு எங்கேயோ ஐஸ்ல பத்திரமா இருக்குன்னு நெனச்சுக்கறேன். போதும்."

நேற்று மதியம் அவன் குளிர் அறையில் இருந்தான். கண்ணாடிக் குழாயிலிருந்து புரதம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வார உழைப்பு. பாதியில் நிறுத்தினால் வீண். அம்மா போன் செய்தாள்.

"அக்கா உன்னக் கேக்கறாடா."

"முக்கால் மணி நேரம்மா. முடிச்சிட்டு ஓடி வந்துடறேன்."

பக்கத்து மேசையில் நண்பர் ஒருவர் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்காவின் புரதத்தை இன்னொருவர் கையில் விட மனம் வரவில்லை. அவன் வீட்டுப் படியேறியபோது சித்தி வாசலிலேயே அழுதுகொண்டிருந்தாள்.

இன்று காலை அந்த நண்பர் செய்தி அனுப்பியிருந்தார்: 'நீ விட்டுட்டுப் போனதையெல்லாம் உறைய வச்சுட்டேன். கவலப்படாத. எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேனேடா.' அந்தக் கடைசி வரியை அவன் பலமுறை படித்துவிட்டான்.

அம்மா இப்போது கைகளுக்கு வந்திருந்தாள். அவன் அருகில் போய் உட்கார்ந்தான். நேற்றிலிருந்து கேட்கப் பயந்ததைக் கேட்டான்.

"எதுக்கும்மா என்னக் கேட்டா?"

அம்மா கிரீம் டியூபை அழுத்தினாள். காற்றுதான் வந்தது. சுருட்டி மறுபடி அழுத்தினாள்.

"ஜன்னலத் திறக்கச் சொன்னா. ஒரே ஒரு தடவ வெயில் மேல படணும்னா. நான் மாட்டேன்னுட்டேன். 'அப்ப தம்பியக் கூப்பிடு, அவன் திறப்பான்'னா." அம்மா அக்காவின் விரல் இடுக்குகளில் தடவினாள். "இருபத்தொம்பது வருஷம் மூடி வச்ச கை. வரலடா."

அம்மா அவனை ஏன் உடனே வரவில்லை என்று கேட்கவில்லை. வெளியே அமரர் ஊர்தி வந்து நிற்கும் சத்தம். ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"அவசரமில்லைங்க. நான் நிழல்ல நிறுத்திக்கறேன். முடிச்சிட்டு மெதுவா கூப்பிடுங்க."

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. டேப் லேசில் வரவில்லை. சுவர்ச் சுண்ணாம்பையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒரு மடிப்பு, இரண்டாவது மடிப்பு. மூன்றாவதும் விழுந்தபோது பதினொரு மணி வெயில் கட்டில்மேல் இறங்கியது.

அம்மாவின் உள்ளங்கை சட்டென்று அக்காவின் முகத்தை மறைத்தது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு கையை எடுத்துக்கொண்டாள். தன் நிழல் அவள்மேல் விழாதபடி சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.