சாவி சுற்றிய காகிதம்

முக்காலி மேல் நின்று பரண் பூட்டுக்குள் சாவியை நுழைத்துவிட்டாள். திருப்பத்தான் கை வரவில்லை. போன வாரம் அப்பா, "இது உங்கிட்டயே இருக்கட்டும்" என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்த சாவி அது. காகிதத்தைப் பார்க்காமலே கைப்பைக்குள் போட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் உடலோடு வண்டி கிளம்பிவிட்டது. அப்பாவைக் கிடத்த விரிப்பும், வருகிறவர்களுக்கு மடக்கு நாற்காலிகளும் பரணில்தான் இருந்தன. கூடவே அந்தப் பொதிகளும். அவளும் அண்ணனும் சின்ன வயதில் கிறுக்கிய படங்கள், ஒட்டிய காகிதக் கிரீடங்கள், ஒரு களிமண் யானை. அப்பா எதையும் எறிந்ததில்லை.

"திறந்தா மொத்தமும் உன் தலைலதான் விழும்," என்றான் முக்காலியைப் பிடித்திருந்த அண்ணன். "நான் எடுத்துட்டுப் போக மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவன் வீட்டில் இடமில்லை. அவள் வீடும் இரண்டே அறைதான். அவள் பிள்ளைகள் வேறு வரைந்து வரைந்து ஒட்டியதில் பிரிட்ஜ் கதவு கண்ணுக்குத் தெரிந்து நாளாயிற்று. உங்கப்பா வீட்டில் காகிதம்தான் குடியிருக்கிறது, மனுஷன் ஓரமாய் ஒண்டிக்கொண்டிருக்கிறார் என்பது அவள் கணவனின் பழைய கேலி. அப்படியிருந்தும் அப்பா படுக்கையில் விழுந்தபோது, ஒன்றைக்கூட எறிய மாட்டேன் என்று அவளாகவே வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்பா சிரித்தார், அவ்வளவுதான். காலையில் போன் வந்ததும் அழுகைக்கு முன்னால் இந்தப் பரண்தான் நினைவுக்கு வந்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்?

திருப்பினாள். சத்தமில்லாமல் திறந்துகொண்டது. அப்பா தன் சாவிக்கடையில் வெட்டிய சாவி வேறு எப்படித் திறக்கும்?

எதுவும் விழவில்லை. நாற்காலிகள் இருந்தன, விரிப்பு இருந்தது. அவற்றை அண்ணனிடம் இறக்கிக் கொடுத்துவிட்டுக் கடைசிவரை கையை விட்டுத் துழாவினாள். வெறும் பலகை.

"எலி தின்னுடுச்சோ?" என்றான் அண்ணன்.

பிளாஸ்க்கோடு உள்ளே வந்த தையல்கடை அக்காதான் விஷயத்தைச் சொன்னாள். அப்பாவின் சாவிக்கடைக்கு அடுத்த கடை அவளுடையது. புதுச்சாவியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமே, சட்டைப் பையில் ஒட்டாமல் காகிதத்தில் சுற்றித்தான் அப்பா கொடுப்பார். கொஞ்ச காலமாய்ப் பழைய செய்தித்தாளை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து படங்களைக் கொண்டுவந்து துண்டு துண்டாய் வெட்டிச் சுற்றினாராம். பிள்ளைகள் வரைந்ததையா வெட்டுகிறீர்கள் என்று அக்கா சண்டைக்கே போயிருக்கிறாள்.

"அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? குப்பைல போட மனசு வரலம்மா, வச்சுட்டுப் போனா எம்பொண்ணு தூக்கிக்கிட்டு அலைவா, சாவியோட அனுப்பிட்டா ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்ச் சேந்துடும்லன்னாரு."

அண்ணன் ஒரு நாற்காலியை விரித்து அதில் தானே உட்கார்ந்துவிட்டான். "யானை?" என்றான்.

"என் மெஷின் மேல நிக்குது. ஒரு காதுதான் இல்ல."

"அதுக்கு எப்பவுமே ஒரு காதுதான்க்கா," என்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பூட்டிலிருந்து சாவியை உருவிக்கொண்டு அவள் மெல்ல இறங்கினாள். எத்தனையோ நாளாய்த் தலையில் சுமந்ததை யாரோ கைகொடுத்து இறக்கி வைத்தாற்போல் கழுத்து லேசாக இருந்தது. அப்போதுதான் அந்தக் காகிதம் ஞாபகம் வந்தது. பைக்குள் தேடி எடுத்துப் பிரித்தாள். எண்ணெய்க் கறைக்கு நடுவே பழுப்பு வண்ணத்தில் ஒரு கதவு. பக்கத்திலிருந்த ஜன்னலைவிடப் பெரிதாக அதில் ஒரு சாவித் துவாரம். சாவிக்கடைக்காரர் மகள் வேறு எப்படி வரைவாள்?

அண்ணன் எட்டிப் பார்த்தான். "இதை யாரு எடுத்துட்டுப் போறது?"

"நான்தான். இதுக்கு எடம் இருக்குண்ணா."

சாவியை அதில் வைத்தாள். காகிதம் பழைய மடிப்பிலேயே மடிந்துகொண்டது. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்துபோய் வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்தான்.