பெல்லமி அம்மாள் வேண்டாமென்ற பியானோ

இறைச்சித் தொழிற்சாலையின் குடல் கூடத்தில் வேலை செய்கிறவன் வீடு திரும்பும்போது கதவைத் தட்ட வேண்டியதில்லை. நாற்றம் அவனுக்கு முன்னால் உள்ளே போய்விடும். மாட்டுக் குடலைப் பிதுக்கிச் சாணம் எடுத்து, உள்சவ்வைச் சுரண்டி, உப்பில் போடுகிற வேலை. எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். சோப்பு போடலாம், எலுமிச்சை தேய்க்கலாம், மண்ணெண்ணெய்கூடப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. போகாது. என் அம்மா ஓனா அங்கே ஒன்பது வருஷமாக நிற்கிறாள். நானும் அங்கேதான். உப்புத் தண்ணீரில் நகங்கள் அழுகி விழுந்தது போக இப்போது அவளுக்கு மிச்சம் ஆறு.

என் தங்கை அல்டோனாவுக்கு வருகிற மார்ச்சில் பதினாலு முடியும். முடிந்தால் கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். மேஸ்திரி கர்மோனா ஆகஸ்டிலேயே என்னிடம் சொல்லிவிட்டான்.

"உன் தங்கச்சிக்கு உங்கம்மா பக்கத்துலயே ஒரு எடம் வெச்சிருக்கேன் ருஸோ. வேற எவன் வந்து கேட்டாலும் தரமாட்டேன்."

நாங்கள் லிதுவேனியர்கள். இந்த ஊரில் வெளுத்த முடி உள்ளவன் எல்லாம் ருஸோதான், ரஷ்யாக்காரன். அவன் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். நானும் நன்றி சொன்னேன்.

அல்டோனா அந்த இடத்தில் போய் நிற்காமல் இருக்க ஒரே வழி பியானோ. தெருவுக்கு ஒரு கன்சர்வேட்டரி, அதாவது இசைப்பள்ளிக் கிளை, இருக்கிற ஊர் இது. டிசம்பரில் பியூனோஸ் ஐரிஸிலிருந்து மூன்று பேர் ரயிலில் வந்து பரீட்சை வைப்பார்கள். ஏழாம் வருஷம் தேறினால் 'பியானோ ஆசிரியை' என்று பட்டம் எழுதிக் கொடுப்பார்கள். அதைக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினால் போதும், தகரக் குடியிருப்பிலிருந்துகூடப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வரும். அல்டோனா ஏழாம் வருஷத்தில் இருந்தாள். தம்பி வீட்டஸுக்கு எட்டு வயது, இரண்டாம் வருஷம். பரீட்சையில் நாலு கை உருப்படி ஒன்றும் வாசித்தாக வேண்டும், கூட உட்கார ஒரு ஆள் தேவை என்றுதான் அவனையும் சேர்த்துவிட்டோம்.

ஆசிரியை தோன்யா க்ளோடில்டேயின் வீட்டில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வாசிக்கலாம். மற்ற நாளெல்லாம் எங்கள் லிதுவேனியச் சங்கத்துக் கட்டிடத்தில் கிடக்கிற பியானோதான். கட்டிடம் ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஈரத்தில் மரம் ஊறி உப்பி, நடுவில் ஒரு கட்டை கெட்டுப்போயிருந்தது. அமுக்கினால் அமுங்கினதுதான். தானாக மேலே வராது.

அந்த நாலு கை உருப்படி ஒரு வால்ட்ஸ். அதில் அந்தக் கட்டை வீட்டஸின் வலது கைக்கு வரும். அல்டோனா ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் அமுக்கின அடுத்த நொடி, அவளுடைய இடது சுண்டுவிரல் இறங்கி வந்து கட்டையின் நுனியை நகத்தால் கிள்ளித் தூக்கிவிடும். தூக்கிவிட்டுத் தன் இடத்துக்கு ஓடிவிடும். அந்த வால்ட்ஸில் நாற்பது தடவைக்கு மேல் இப்படி. கேட்கிறவனுக்கு எதுவும் தெரியாது. பார்க்கிறவனுக்கு, அவள் தம்பியின் கையிலிருந்து முள் எடுக்கிற மாதிரி இருக்கும். தோன்யா க்ளோடில்டே பென்சிலால் அந்தச் சுண்டுவிரலை அடித்து அடித்துப் பழக்கத்தைப் பாதி விட வைத்திருந்தாள். பயந்தால் மட்டும் திரும்ப வந்துவிடும்.

வால்ட்ஸுக்கு அது போதும். ஆனால் பரீட்சைக்கு அல்டோனா தனியாக வாசிக்க வேண்டிய உருப்படியில் அதே கட்டையை விடாமல் பதினாறு தடவை தட்ட வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

"ரெண்டு மாசம் ஒழுங்கான பியானோ கெடச்சா தேறிடுவேண்ணே. கெடைக்கலேன்னா தேறமாட்டேன்," என்றாள் அல்டோனா. அழவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

அக்டோபரில் தோன்யா க்ளோடில்டே என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். தொழிற்சாலை மேனேஜரின் மனைவி பெல்லமி அம்மாளுக்கு இங்கிலாந்திலிருந்து புதுப் பியானோ வந்து இறங்கியிருக்கிறது. பழையதைக் கன்சர்வேட்டரிப் பிள்ளைகளில் யாருக்காவது கொடுத்துவிடப் போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் விருந்து. பிள்ளைகள் வந்து வாசிக்க வேண்டும். பிடித்தவர்களுக்குக் கொடுப்பாள்.

"வேற யார் வர்றாங்க?" என்றேன்.

"மருந்துக்கடைக்காரர் பொண்ணு."

"அவ வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

"அதுக்கு நான் என்ன பண்றது? அந்தம்மா இஷ்டம்." பிறகு என் கையைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளைகளக் கூட்டிட்டு வர்றப்ப நீ கொஞ்சம் தள்ளியே நின்னுக்கோ. தப்பா நெனச்சுக்காத."

ஞாயிற்றுக்கிழமை அம்மா இரண்டு பேரையும் உரித்தெடுப்பது போலத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். தொழிற்சாலைக்கு அந்தப் பக்கம், காற்று எங்கள் நாற்றத்தைக் கொண்டுபோகாத திசையில், மேனேஜர் வீடு. கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

பெல்லமி அம்மாள் நல்ல பெண்மணி போலத்தான் சிரித்தாள். கைக்குட்டையில் ஒடிகோலோன் சென்ட் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"கைய நீட்டுங்க பாக்கலாம், கண்ணுங்களா," என்று இருவருடைய கையையும் விரல் விரலாகத் துடைத்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர் பெண்ணின் கையைத் துடைக்கவில்லை. துடைத்த கைக்குட்டையை இரண்டு விரலால் பிடித்து வேலைக்காரியிடம் கொடுத்தாள்.

மேசையில் குளிர்ந்த மாட்டு நாக்கு துண்டு துண்டாக அடுக்கியிருந்தது, கடுகு தடவி. நாக்கு எந்தத் தொட்டியில் கிடந்து வருகிறது, அதற்குமுன் அதன் அடியில் என்னவெல்லாம் ஒட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வாயைத் திறந்து மென்றார்கள். மென்றுகொண்டே பேசினார்கள். ஐஸ் கிடங்கு எஞ்சினியர் டன் என்பவன், பிடரி சிவந்த தடியன், ஒரு துண்டை விழுங்குமுன் அடுத்ததைக் கையில் எடுத்தான். குடல் கூடத்தில் ஒரு நாளும் எனக்குக் குமட்டியதில்லை.

மருந்துக்கடைக்காரர் பெண் வாசித்தாள். சுமார். கை தட்டினார்கள். பிறகு எங்கள் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள்.

வால்ட்ஸ் நன்றாகத்தான் ஆரம்பித்தது. அந்தப் பியானோவில் அவர்கள் வாசிப்பு வேறு மாதிரி கேட்டது, ஜன்னலைத் திறந்துவிட்டது போல. அல்டோனா பயந்திருந்தாள். இரண்டாவது வரியில் சுண்டுவிரல் இறங்கியது. நல்ல கட்டை தானாகவே மேலே வந்து நிற்கிறது, இவள் நகம் போய் வெறும் காற்றைக் கிள்ளிவிட்டுத் திரும்புகிறது. மறுபடி. மறுபடி. முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். பக்கத்தில் இருப்பவளுக்குக் காட்டினாள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போனது. வாசிப்பை யாரும் கேட்கவில்லை.

முடிந்ததும் பெல்லமி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அது என்ன, அந்த விரல் வித்தை?"

தோன்யா க்ளோடில்டே வெளுத்துப்போய் விளக்கம் சொன்னாள். சங்கத்துப் பியானோ, ஈரம், ஒட்டிக்கொள்கிற கட்டை. சொல்லச் சொல்ல அவர்களுக்கு இன்னும் பிடித்துப்போனது.

"அந்த எடம் மட்டும் இன்னொரு தடவ."

வாசித்தார்கள். இந்தத் தடவை வீட்டஸ் கட்டையை அமுக்கிவிட்டு அக்காவின் விரலைக் கண்ணை உருட்டிப் பார்த்தான். கூடம் அதிர்ந்தது. பயலுக்கு அது பிடித்துவிட்டது. மூன்றாவது தடவை நாக்கை வேறு துருத்தினான். அல்டோனா நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

அப்போதுதான் டன் எழுந்து வந்தான். கடுகும் கொழுப்பும் பூசிய கட்டைவிரலால் அந்தக் கட்டையை அமுக்கி, அமுக்கினபடியே வைத்துக்கொண்டான்.

"இப்ப நெஜமாவே ஒட்டிக்கிச்சு. எங்க, தூக்கு பாப்போம்."

அல்டோனா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தூக்கும்மா. வெக்கப்படுது பாரு, குட்டி."

"மிஸ்டர் டன், பாவம், விட்ருங்க," என்றாள் பெல்லமி அம்மாள், சிரித்துக்கொண்டே. அவளும் காத்திருந்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி தன் மகளின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தாள், இவள் மறுத்தால் அடுத்துத் தங்கள் முறை வரும் என்கிற மாதிரி.

அல்டோனா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். இருபது தலை தாண்டி நேராக என்னைத்தான். போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பாள். நான் அம்மாவின் கையை நினைத்தேன். கர்மோனா வைத்திருக்கிற இடத்தை நினைத்தேன். எங்கள் பாஷையில், அவர்களுக்குப் புரியாது என்கிற தைரியத்தில் சொன்னேன்.

"தூக்கிடு. பியானோவ நெனச்சுக்க."

அவள் டன்னுடைய கட்டைவிரலின் கீழே தன் சுண்டுவிரலை நுழைத்தாள். அவன் இன்னும் அழுத்தினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினாள். கடைசியில் அவன் விட்டுக்கொடுத்து, சுட்டுக்கொண்டவன் போலக் கையை உதறிக் காட்டினான். அவள் விரலெல்லாம் கடுகு. கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் நின்றால் தெரியுமே என்று தட்டினேன்.

"இவங்களுக்குத்தான் குடுக்கணும், வேற பேச்சே இல்ல," என்றாள் பெல்லமி அம்மாள்.

திரும்பும் வழியில் வீட்டஸ் குதித்துக்கொண்டே வந்தான். "நான் நாக்க நீட்டினப்பதாண்ணே ரொம்ப சிரிச்சாங்க, இல்ல?"

அல்டோனா அவனைக் கன்னத்தில் அறைந்தாள். அதற்குமுன் அவனை அவள் அடித்ததே இல்லை. நான் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு வீடு வரை அவள் தெருவின் எதிர்ப்பக்கமாகவே நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை எலும்பு ஏற்றுகிற வண்டியில் பியானோ வந்தது. குடல் கூடத்து ஆட்கள் நாலு பேர் இறக்கினோம்.

"எங்கடா ருஸோ புடிச்ச இத? இதுல என்ன குடலாடா சுத்துவ?" என்றான் ஒருத்தன்.

"உன்னுதச் சுத்துறேன், தூக்குடா மொதல்ல."

அறையில் பாதியை அது எடுத்துக்கொண்டது. அம்மாவும் நானும் கட்டிலை விற்றுவிட்டுத் தரையில் படுத்தோம். அல்டோனா காலையில் பள்ளிக்கு முன்பும் சாயங்காலம் இருட்டும் வரையிலும் வாசித்தாள். அந்தப் பதினாறு தட்டு முதலில் தடுக்கியது, பிறகு தையல் மிஷின் போல ஓடியது. டிசம்பரில் தேறினாள். பட்டத்தைக் கண்ணாடி போட்டு வாசலில் நானே ஆணி அடித்து மாட்டினேன். வீட்டஸ் பரீட்சை முடிந்ததோடு பியானோவை விட்டுவிட்டான். அக்கா அவனைக் கூட உட்காரச் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

மார்ச்சில் அம்மா பக்கத்து இடத்துக்கு எதிர்வீட்டு ஸ்டெஃபா போனாள். பதினாலு வயது. முதல் நாள் வாந்தி எடுத்துக்கொண்டே சுரண்டினாள் என்று அம்மா சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வாயில் கசக்கிறது.

ஜூனில் அல்டோனாவிடம் ஒன்பது பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து சமையலறையில் மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை போய், அடுத்தது வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தது. அல்டோனா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு நான் தூக்கமாட்டேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். அவள் கையில் டம்ளரோடு நின்றாள். பத்து நகமும் முழுசாக இருந்தன.

"வெளிய கூட்டிட்டுப் போய் நாலு அறை குடுத்து, திரும்ப உள்ள கூட்டிட்டு வந்திருப்பேன்."

"தெரியும்," என்றாள். "உன் வாயால சொல்லட்டும்னுதான் கேட்டேன்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு முன்னறைக்குப் போனாள். "உள்ள வாம்மா, உக்காரு," என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, சமையலறைக் கதவை என் பக்கமாகச் சாத்தினாள்.