எங்கள் ஊர் சிம்

"ரோலின் அக்கா, பாதி விலை! படம் எவ்ளோ பெருசா தெரியுது பாருங்க!" ஃபோன் கடையில் நீலப் பெட்டியை என் மூக்குக்கு நேரே ஆட்டினான், கூட வேலை பார்க்கும் காலோ.

கடல் கடந்து வந்து பண்டபெர்க்கில் ஏழு மாதம் தக்காளி பறித்துவிட்டு, மறுநாள் எங்கள் தீவு நாடான வனுவாட்டுவுக்கு விமானம் ஏறவிருந்தோம். எங்கள் ஆட்கள் எல்லார் கையிலும் அந்த நீலப் பெட்டிதான். நெட்வொர்க் கம்பெனி தன் பெயர் போட்டு விற்கும் ஃபோன். அதன் சிம் போட்டால் மட்டும்தான் வாய் திறக்கும். போன வருடம் நானும் அதைத்தான் வாங்கிப் போனேன். ஊரில் எங்கள் சிம்மைப் போட்டதும், பூட்டைத் திறக்க ரகசிய எண் கேட்டது. என் கணவர் தாரி இப்போது அதை டார்ச்சாக வைத்து நண்டு பிடிக்கிறார். மகள் மெரெலின் குரல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், வாத்தியார் ஃபோனில், பத்துப் பேர் வரிசையில் நிற்க, இரண்டே நிமிடம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் இரண்டு நிமிடத்தில் என்ன பேசுவது? ஜனவரியில் திரும்பவும் இங்கே வரவேண்டும். இன்னொரு தடவை ஏமாற நான் ஆளில்லை.

பைபிளுக்குள் வைத்திருந்த எங்கள் ஊர் சிம்மை எடுத்துக் கல்லாவில் வைத்தேன்.

"இது வெளிநாட்டு சிம்மாச்சேம்மா" என்றாள் கடைக்காரி பிரான்வின்.

"அதான் போடச் சொல்றேன். ரெண்டு ஃபோன்லயும் போட்டுக் காட்டுங்க."

"வாங்குறதுக்கு முன்னாடி யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"போன வருஷம் கேக்காம வாங்கினேன்."

சிரித்துவிட்டு, காட்சிக்கு வைத்திருந்த ஃபோன்களை எடுத்து வந்தாள். நீலப் பெட்டி ஃபோன் ரகசிய எண் கேட்டது. எந்தக் கம்பெனி பெயரும் இல்லாத, சின்னத் திரை ஃபோனில் சிக்னல் இரண்டு கோடு எழுந்தது.

"இதையே பில் போடுங்க" என்றேன். கை சும்மா இருக்கவில்லை. வாத்தியார் எண்ணை அழுத்தினேன்.

வாத்தியாருக்குப் பதில் எடுத்தது மெரெலின்.

"அம்மாடி" என்றேன்.

"எந்த அம்மா?"

எங்கள் ஊரில் அம்மாவின் அக்கா தங்கைகளும் அம்மாதான். கூப்பிடு தூரத்தில் அவளுக்கு நாலு அம்மா. கேட்டதில் தப்பே இல்லை.

"தக்காளிக்குப் போன அம்மா" என்றேன். "நாளைக்கு வர்றேன்."

"அப்பா! தக்காளி அம்மா வருது!"

ஃபோனோடு ஓடத் தொடங்கிவிட்டாள். காலடிச் சத்தம், மூச்சிரைப்பு, சிதறும் கோழிகள். பள்ளிக்கூடக் குன்றை விட்டு இறங்கினால் அங்கே டவர் கிடையாது. லைன் அறுந்துபோகிற வரைக்கும் அவள் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.