அருணாசலத்தின் பழுதற்ற காது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஹப்சிகுடாவில், ஒரு காது டாக்டரிடம். எழுபத்துநாலு வயதில் சோதனைக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பொத்தானை அமுக்குவாள். ஒலி கேட்டால் நான் என் கையிலிருப்பதை அமுக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் அமுக்கும்போதெல்லாம் முழங்கை லேசாக அசைந்தது. நானும் மரியாதைக்கு அமுக்கினேன். இருபது வயதுக் காது என்று எழுதிக் கொடுத்தார்கள். காகிதத்தை என் மனைவி கல்பகத்திடம் காட்டினேன். அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.

இதையே ஒருவர் வருஷா வருஷம் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அப்படி வந்தவர் அருணாசலம்.

2

முதல் வரியாக இதை எழுதிவைத்தேன்: ‘ஓயாத இரைச்சலின் நடுவே, ஒரு தனிமனிதன் தன் மௌனத்தை...’ அதற்கு மேல் போகவில்லை. நல்லதாயிற்று.

அருணாசலம், ஐம்பத்தாறு வயது, திருநெல்வேலிக்காரர், வீடு குகட்பள்ளியில். ஒரு தொழிற்சாலையில் (பெயர் தேடாதீர்கள், நானே கட்டியது) எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் கொட்டகைக்கு ஃபோர்மன். அவர் கையைத் தூக்கினால் எஞ்சின் ஓடும், தாழ்த்தினால் நிற்கும். இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சத்தம் இரண்டு காதையும் தின்றுவிட்டது. வேலை கெடவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைப் பல்லிலும் வைத்து நோய் சொல்லிவிடுவார். ஒருமுறை கேன்டீன் மேசையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மூன்றாம் பம்பின் பேரிங் வியாழக்கிழமை போய்விடும் என்றார். புதன்கிழமையே போய்விட்டது. ஒரு வாரம் வருத்தமாக இருந்தார்.

(இதை நம்பாதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். அங்கே கொஞ்சம் உண்மை இருக்கிறது.)

3

வருஷத்துக்கு ஒருமுறை தொழிற்சாலைக்குச் சோதனை வேன் வரும். கண்ணாடிக்கு முதுகு காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட அதில் இடமில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஜுலைகா. அவள் பொத்தானை அமுக்கும்போது கை வளையல் ஓர் அங்குலம் இறங்கும். அருணாசலம் வளையலைப் பார்த்து அமுக்குவார். “ஹவ் சாப், பச்சோங்கா கான்,” என்பாள். குழந்தைகளின் காதாம்.

ஏன் இப்படிச் செய்கிறார்? ‘பதவி மோகம்’ என்று எழுதி அடித்துவிட்டேன். காது போனவர்களை ஸ்டோர்ஸுக்கு, அதாவது சாமான் கிடங்குக்கு, மாற்றிவிடுவார்கள், அந்தப் பயம் என்று எழுதினேன். சரி, ஸ்டோர்ஸில் அப்படி என்ன பயம்? இரண்டு நாள் பேனாவை மூடிவைத்தேன். பிறகு புரிந்தது. ஸ்டோர்ஸில் எல்லாரும் வாயால் பேசுகிறார்கள். கொட்டகையில் எஞ்சின் ஓடும்போது யாருக்கும் ஒன்றும் கேட்காது. எல்லாரும் கையால்தான் பேசுகிறார்கள். உலகத்தில் அந்த ஓரிடத்தில் மட்டும் அவர் செவிடர் இல்லை.

வீட்டில் அப்படியில்லை. மனைவி மங்கையர்க்கரசி ஒருநாள் முகத்துக்கு நேரே வந்து சொன்னாள்: “கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க. கேட்ட மாரி சிரிக்காதீய. நா சொன்னது எளவுச் சேதி.”

4

ஃபெலிக்ஸ் வந்ததும் என் கதை கெட்டுப்போனது. வேடிக்கையாகவே முடித்துவிடலாம் என்றிருந்தேன்.

அவன் அதே கொட்டகையில் ஆறு வருஷமாக இருக்கிறான். வயது முப்பத்தொன்று, தூத்துக்குடிப் பக்கம். இடது காதில் ஓயாமல் விசில். கைக்குழந்தை வலது பக்கம் அழுதால்தான் தெரிகிறது. கொட்டகையில் எல்லாருக்கும் காதுக் கவசமும், சத்தம் புகாத ஓர் அறையும் கேட்டு மனு கொடுத்தான். அதிகாரி வெங்கடகிருஷ்ணன் கெட்டவர் அல்ல. பழைய சோதனைக் காகிதங்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் பதில் எழுதினார்: ‘இதே கொட்டகையில் இருபத்தாறு வருஷம் பணிபுரியும் அருணாசலத்தின் செவித்திறன் பழுதற்றது. ஆகவே சத்தத்தால் தீங்கில்லை.’

ஃபெலிக்ஸ் அந்தக் காகிதத்தோடு கேன்டீனில் அருணாசலத்தின் எதிரே வந்து உட்கார்ந்தான். (முதல் இரண்டு பிரதிகளில் அவனுக்கு அடர்த்தியான மீசை இருந்தது. எடுத்துவிட்டேன். அருணாசலம் உதட்டைப் படிக்க வேண்டும்.)

“அண்ணாச்சி, ஒங்க காதக் காட்டித்தான் என்னையப் பொய்யனாக்குதாவ.”

அருணாசலம் சிரிக்கவில்லை.

“ஒங்களுக்குக் கேக்காதுன்னு கொட்டகைல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம். நாளைக்கு வேன் வருது.”

5

கைவசம் மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) கண்ணை மூடிக்கொள்கிறார். காகிதத்தில் உண்மை ஏறுகிறது. ஃபெலிக்ஸின் மனுவை மறுபடி விசாரணைக்கு எடுக்கிறார்கள். அருணாசலம் ஸ்டோர்ஸில், மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்துக்கொண்டு...

(ஆ) வளையலைப் பார்க்கிறார். இன்னொரு வருஷம். ஃபெலிக்ஸின் வலது காதும்...

(இ) அன்று பார்த்து ஜுலைகா வளையல் போடாமல் வருகிறாள். இதைக் கல்பகத்திடம் படித்துக் காட்டினேன். “அவர் செய்ய வேண்டியத அந்தப் பொண்ணு தலைல ஏன் கட்டறேள்?” என்று கேட்டாள். இந்தத் தடவை காதருகில் வந்து கேட்டதால் தப்பிக்க முடியவில்லை. (இ)-யை அடித்தாயிற்று.

மீதி இரண்டும் உங்களுக்கு. அருணாசலம் வேனுக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஹெட்ஃபோன் மாட்டியாயிற்று. ஆரம்பிக்கலாமா என்று ஜுலைகா கேட்கிறாள். தலையசைக்கிறார். அப்படியானால் கண் திறந்துதான் இருக்கிறது. மூடச் சொல்கிறவர்கள், நாளை முதல் ஸ்டோர்ஸில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் யார் உட்காரப்போகிறார்கள் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். திறந்தே இருக்கட்டும் என்கிறவர்கள், வேன் கதவைத் திறந்து பாருங்கள். வரிசையில் அடுத்த ஆள் ஃபெலிக்ஸ்.

சீக்கிரம். அவள் கை நகர ஆரம்பித்துவிட்டது.